போதைப்பொருள் விற்கப் போகும் பிள்ளையை எந்தத் தண்டனை தடுக்கிறது?

பீடோங் வாசகன் கேட்கிறார்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் வசிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பிறகு அதிலும் ஒரு பகுதி வீடமைப்பு நிலமாக மாறியபோது, லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் பக்கத்துத் தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போயின. கோயில் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அக்கோயிலின் இளைஞர் பிரிவுக்கு நான் செயலாளர்.

இவ்வாண்டில் மட்டும் எங்கள் பிள்ளைகள் மூவர் ஷாபு எனப்படும் மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளுடன் பிடிபட்டிருக்கிறார்கள். மூவரில் இளையவனுக்கு 16 வயது. திருவிழாக் காலங்களில் உறுமி மேளத்தின் முன்வரிசையில் நிற்பவன்; படிவம் 4-இல் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டவன். மோட்டாரில் ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் 30 ரிங்கிட் கிடைக்கும் என்று ஆசை காட்டி அவனை இழுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னர் அவன் கெத்தும் தண்ணீரை, அதாவது போதை தரும் கெத்தும் இலைச் சாற்றை, பிளாஸ்டிக் பைகளில் கட்டி விற்றுக்கொண்டிருந்தது எங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், "அது வெறும் இலைதானே" என்று விட்டுவிட்டோம். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

சென்ற வாரம் நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். "போதைப்பொருள் விற்றால் கட்டாயத் தூக்கு" என்று மண்டப வாசலில் பெரிய பலகை வைக்க வேண்டும் என்றார் ஒருவர். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் சிறைச்சாலைக்கு அழைத்துப்போய், உள்ளே இருப்பவர்களைக் கொண்டே மிரட்ட வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். விற்றவனுடைய குடும்பத்தின் திருவிழா உபயத்தை நிறுத்தி, அவர்களைக் கோயிலை விட்டே விலக்கி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது கருத்து. அதற்குத்தான் அதிகம் பேர் தலையாட்டினார்கள். எந்தத் தண்டனை உண்மையிலேயே 16 முதல் 20 வயது வரையுள்ள ஒரு பிள்ளையின் கையைத் தடுத்து நிறுத்துகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். சட்டத்தின் தண்டனையா, குடும்பத்தின் தண்டனையா, ஊரின் தண்டனையா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால், முடிவெடுக்குமுன் கூட்டத்தில் எடுத்துரைப்பேன்.

அலோர் ஸ்டார் வழக்கறிஞர் எழுதுகிறார்:

ஐயா, முதலில் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் எழுத நினைக்கும் வாசகம் இன்றைய சட்டப்படி சரியன்று. 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் கடத்தலுக்கு மரண தண்டனை 1975-இல் சேர்க்கப்பட்டு, 1983-இல் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கட்டாயம் 2023 ஜூலை 4 முதல் நீங்கிவிட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். மரணம் விதிக்கப்படாவிட்டால் ஆயுள் தண்டனையுடன் குறைந்தது 12 பிரம்படிகள் உண்டு. குற்றம் செய்யும்போது 18 வயது நிறையாதவனுக்கு, முன்பும் சரி இப்போதும் சரி, தூக்கு கிடையாது. 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டம் அதற்குப் பதிலாக மாமன்னர் அல்லது மாநில ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை காவலில் வைக்கச் சொல்கிறது. இதை உங்கள் பிள்ளைகளைப் பயன்படுத்துகிறவர்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். "உனக்கு வயது இல்லை, ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறார்கள். ஆகவே அந்தப் பலகையைப் படிக்கும் 16 வயதுப் பையன், அது தன்னைப் பற்றியதன்று என்று கடந்து போய்விடுவான்.

இன்னொரு தவறான நம்பிக்கை எடையைப் பற்றியது. ஹெராயின் என்றால் 15 கிராம், ஷாபு என்றால் 50 கிராம், கஞ்சா என்றால் 200 கிராம் என்று கணக்குச் சொல்லி, அதற்குக் கீழே இருந்தால் கடத்தல் வழக்கு வராது என்று இளைஞர்கள் பேசிக்கொள்வதை நீதிமன்ற வளாகத்திலேயே கேட்டிருக்கிறேன். அந்த எடைகள், ஒருவன் கடத்தல்காரன் என்று சட்டம் அனுமானித்துக்கொள்வதற்கான அளவுகள் மட்டுமே. அதற்குக் குறைவாக இருந்தாலும், அவன் விற்றான் அல்லது கொண்டுபோய்க் கொடுத்தான் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தால் 39பி பாயும். ஏனென்றால், கொடுப்பது, வாங்கி வைப்பது, ஏற்றிச் செல்வது, அனுப்புவது எல்லாமே அச்சட்டத்தின் விளக்கத்தில் கடத்தல்தான். கடத்தல் நிரூபிக்கப்படாமல் வெறுமனே வைத்திருந்ததாகக் கொண்டாலும், 5 கிராமுக்கு மேல் 30 கிராமுக்குள் ஷாபு இருந்தால் 39ஏ பிரிவின்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் 3 முதல் 9 பிரம்படிகளும் உண்டு. 30 கிராமைத் தாண்டினால் ஆயுள் தண்டனை அல்லது குறைந்தது 5 ஆண்டுச் சிறை, அத்துடன் குறைந்தது 10 பிரம்படிகள்.

பலகை வைப்பதென்றால் இந்தத் தகவலை வையுங்கள். தூக்குக் கயிற்றைப் படமாக வரைவதைவிட, தான் சுமக்கும் அந்தச் சிறு பொட்டலத்துக்கே எத்தனை ஆண்டு என்று தெரிவது பையனைக் கொஞ்சமாவது நிறுத்தும். கெத்தும் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். அது 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 4 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதுகிறார்:

மகளே, வழக்கறிஞராக நீங்கள் தந்த விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு முதியவனின் கருத்தையும் கேளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றியவன் நான். அன்று ஒரு பையன் தவறு செய்தால், தகவல் அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் கங்காணிக்கும் தண்டலுக்கும் தெரிந்துவிடும். மாலையில் தகப்பன் கையால் அடியும் விழுந்துவிடும். பயம் இருந்தது. இன்று பயம் இல்லை. கட்டாயத் தூக்கை எடுத்ததே தவறு என்பது என் எண்ணம். ஷாபுவால் எத்தனை தாய்மார்கள் சொந்தப் பிள்ளையின் கையால் அடி வாங்குகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் இரக்கம் காட்டச் சொல்ல மாட்டான்.

2022 ஏப்ரல் 27 அன்று ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது நம் வீடுகளில் எல்லாம் அதுதான் பேச்சு. 2009-இல் 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டபோது அவர் இளைஞர். அந்தத் தாயின் துயரத்தை நினைத்து நானும் அழுதேன். ஆயினும் அச்செய்தி நம் பிள்ளைகளில் பத்துப் பேரையாவது தடுத்திருக்கும் என்றே நம்புகிறேன். சிறைச்சாலைக்கு அழைத்துப்போகும் யோசனையையும் நான் ஆதரிக்கிறேன். கண்ணால் கண்டால்தான் புத்தி வரும்.

திரும்பி வந்தவன் எழுதுகிறார்:

ஐயா, உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரிடம்தான் நானும் தமிழ் படித்தேன். அதனால் மரியாதையுடன் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன அந்தச் செய்தியை நான் கைப்பேசியில் படித்தேன். அப்போது எனக்கு வயது 19. படித்துவிட்டு மனம் கனத்தது உண்மை. ஆனால் அன்றிரவே பொருள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். "அவர் எல்லையைத் தாண்டினார், நான் இந்த ரோட்டுக்கும் அந்த ரோட்டுக்கும்தானே போகிறேன்" என்று மனம் தானாகவே ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டது. பயத்தை ஒதுக்கி வைக்க அந்த வயதில் ஒரு சிறிய காரணம் போதும்.

எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், முச்சந்தியில் நிற்கும் போலீஸ் மோட்டாருக்குப் பயந்தேன். எந்தெந்த நாளில், எந்த நேரத்தில் அது வரும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தவரை பயமில்லை. ஒரு மாதம் நேரத்தை மாற்றி மாற்றி, இரவிலும் பகலிலும் எங்கள் அடுக்குமாடியின் கீழே சோதனை நடத்தினார்கள். அந்த மாதம் நாங்கள் ஒருவரும் வெளியே போகவில்லை. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. பிடிபடுவோம் என்ற எண்ணம் மட்டும் மாறியிருந்தது. அடுத்த மாதம் சோதனை நின்றது. நாங்களும் மீண்டும் தொடங்கினோம்.

அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயந்தேன். அவர் காலை ஐந்து மணிக்கே எழுந்து தொழிற்சாலைப் பேருந்துக்குப் போகிறவர். அந்தப் பேருந்தில் வரும் மற்றப் பெண்கள் என் பெயரைச் சொல்லி அவரிடம் கேட்கக்கூடாது என்பதற்காகவே, எங்கள் தாமானுக்குள் மட்டும் நான் விற்றதில்லை. இவ்வளவு பயம் இருந்தும் ஏன் விடவில்லை என்றால், பொருளைக் கொடுத்து அனுப்பும் முதலாளியான தவுக்கேயிடம் பட்ட கடன். ஒருமுறை பொருள் தொலைந்துவிட்டது. அதற்கான பணத்தை என் கணக்கில் எழுதினார்கள். அதன் பிறகு 30 ரிங்கிட்டும் என் கைக்கு வரவில்லை. விட்டு விலகினால் என்ன செய்வார்கள் என்ற பயம், போலீஸ் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. சட்டத்தின் தண்டனை என்றோ ஒருநாள் வரலாம். அவர்களுடைய தண்டனை நாளைக் காலை வாசலில் நிற்கும்.

நான் 39ஏ பிரிவில் 2 ஆண்டுச் சிறையும் 3 ரோத்தானும் (பிரம்படியும்) பெற்றேன். ரோத்தானின் வலியை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் தடுத்திருக்குமா என்றால், இல்லை. என்னோடு உள்ளே இருந்தவர்களில் இரண்டாம் முறை வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் அந்த வலி தெரியும். வெளியே வந்த பிறகு ஒரு லோரிப் பட்டறைக்காரர், கோயில் தலைவர் வந்து சொன்னதற்காக, என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். செயலாளர் அண்ணா, உங்கள் ஊரில் குடும்பத்தைக் கோயிலை விட்டு விலக்கினால், அப்படி வந்து சொல்ல யார் இருப்பார்கள்? தவுக்கேதான் இருப்பான். அவன் யாரையும் விலக்கி வைப்பதில்லை.

சுங்கை பட்டாணி ஆலோசகர் எழுதுகிறார்:

தம்பி எழுதியதைப் படித்தபோது, குற்றவியல் ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருவதை ஒருவர் தம் வாழ்க்கையைக் கொண்டே சொல்லிவிட்டதாக உணர்ந்தேன். தண்டனையின் கடுமையைவிட, அது தவறாமல் வரும் என்ற உறுதியும் விரைவாக வரும் என்ற எதிர்பார்ப்புமே மனிதரைத் தடுக்கின்றன என்று இத்தாலியரான பெக்காரியா 1764-லேயே எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேனியல் நேகின் 2013-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பிடிபடும் வாய்ப்பை உயர்த்துவது பயன் தருகிறது, ஏற்கெனவே நீண்ட சிறைத்தண்டனையை இன்னும் நீட்டுவது பெரிதாகப் பயன் தருவதில்லை என்ற முடிவுக்கே வந்தார். ஆசிரியர் ஐயா தம் காலத்தில் பயம் இருந்தது என்கிறார். அது உண்மைதான். ஆனால் ஐயா, நீங்கள் விவரித்த காட்சியில் தண்டனை மாலையே வந்துவிடுகிறது. தவறு செய்தவனை எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். அடித்த தகப்பனே இரவில் சோறும் போடுகிறார். கடுமையைவிட இவைதான் அன்று வேலை செய்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். லயம் கலைந்து அடுக்குமாடிக்கு வந்தபோது நாம் இழந்தது அந்தக் கண்காணிப்பைத்தான்.

சிறைச்சாலைப் பயணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஆயுள் கைதிகளைக் கொண்டு இளைஞர்களை மிரட்டும் திட்டம் பெரும் புகழ் பெற்று, பல இடங்களுக்கும் பரவியது. பின்னர் அத்தகைய திட்டங்களை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகள் போகாத பிள்ளைகளைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள். அந்த வயதில் கூட்டமாகப் போகும்போது, பயப்படவில்லை என்று நண்பர்களுக்குக் காட்டுவதே பெரிய வேலையாகிவிடுகிறது. நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது பதின்ம வயதினர் அதிக ஆபத்தான முடிவுகளை எடுப்பதை, வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொண்டு 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே சோதனையில் வயது வந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆகவே பேச வேண்டியதைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள்.

விரைவான சிறு தண்டனைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹவாயில் ஸ்டீவன் ஆல்ம் என்ற நீதிபதி 2004-இல், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர்கள் போதைப்பொருள் சோதனையில் தவறினால் உடனடியாகச் சில நாள்கள் மட்டும் சிறையில் வைக்கும் முறையைத் தொடங்கினார். முதல் மதிப்பீட்டில் மிக நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அமெரிக்காவின் வேறு நான்கு இடங்களில் அதே முறையைச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. விரைவும் உறுதியும் தேவை. அவை மட்டும் போதா என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தவறியவனைப் பிடித்த கை, அவனைத் தூக்கி நிறுத்தும் கையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

கோயிலை விட்டு விலக்குவது பற்றி: வெட்கத்தில் இரண்டு வகை உண்டு என்பது ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட்டின் கருத்து. செய்த செயலைக் கண்டித்து, ஆளை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் வெட்கம் குற்றத்தைக் குறைக்கிறது. ஆளையே ஒதுக்கி முத்திரை குத்தும் வெட்கம், அவனைப் போலவே ஒதுக்கப்பட்டவர்களிடம் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று தம்பி பயந்தது முதல் வகை. அந்த அம்மாவையே ஊர் தள்ளி வைத்தபின், அவன் பயப்பட என்ன மிச்சம் இருக்கும்?

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பணக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். சிக்காகோவில் ஒரு குண்டர் கும்பலின் கணக்கேட்டை ஆராய்ந்து 2000-இல் வெளிவந்த கட்டுரை, தெருவில் நின்று விற்ற இளைஞர்களின் வருமானம் ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பள அளவிலேயே இருந்ததைக் காட்டியது; பெரும் பணம் மேலே இருந்த சிலருக்கே போனது. நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை எட்ட எத்தனை பொட்டலம் சுமக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 39ஏ-யில் எத்தனை ஆண்டு என்று பையனே தாளில் எழுதட்டும்.

பீடோங் வாசகன் எழுதுகிறார்:

அனைவருக்கும் என் நன்றி. தம்பியின் கடிதத்தை அச்செடுத்து, தலைவரிடம் நேற்றே கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். சிறைப் பயணம் கைவிடப்பட்டது. உபயத்தை நிறுத்துவது பற்றிய முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது; எதிர்ப்பு இன்னும் இருக்கிறது, ஏனெனில் ஷாபுவால் மகனைப் பறிகொடுத்த ஒருவரும் குழுவில் இருக்கிறார், அவருடைய கோபத்தை நாங்கள் குறை சொல்ல முடியாது.

இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. பிள்ளைகளுக்கு எல்லாத் தண்டனையும் இருக்கிறது. பொருளைக் கொடுத்து அனுப்புகிறவனை என்ன செய்வது? பயத்தால் யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்து, 16 வயதுப் பையனின் வழக்கு விரைவில் சிறுவர் நீதிமன்றத்துக்கு வருகிறது. வைத்திருந்த குற்றம் மட்டும்தான் சுமத்தப்பட்டிருக்கிறது. நாங்கள் அவனுக்காகச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

அலோர் ஸ்டார் வழக்கறிஞர் எழுதுகிறார்:

முதல் கேள்விக்கு: அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, தகவல் கொடுத்தவரைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கிறது. அவருடைய பெயரையும் முகவரியையும் வெளியிடும்படி சாட்சிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. தவுக்கேயைத் தொடும் சட்டங்களும் உள்ளன. கடத்தலில் சேர்த்த வீடு, வாகனம், வங்கிப் பணம் ஆகியவற்றை 1988-ஆம் ஆண்டு சொத்துப் பறிமுதல் சட்டத்தின்படி அரசு எடுத்துக்கொள்ள முடியும். பிள்ளைகள் வியந்து பார்ப்பது அவனுடைய வாகனத்தைத்தான். அது பறிமுதலாவதை அவர்கள் கண்ணால் கண்டால், எந்தப் பலகையும் செய்யாததை அது செய்யும் என்பது என் நம்பிக்கை. ஒருவர் தனியாகப் போய்ப் புகார் செய்யத் தயங்கினால், நிர்வாகக் குழுவின் சார்பில் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் போதைப்பொருள் பிரிவு அதிகாரியைச் சந்தியுங்கள். நேரம் மாற்றி மாற்றிச் சோதனை நடத்தும்படியும் அங்கேயே கேளுங்கள்.

இரண்டாவது கேள்வியே இப்போது அவசரமானது. சிறுவர் நீதிமன்றத்தின் முன் பல வழிகள் இருக்கின்றன: எச்சரித்து விடுவிப்பது, நன்னடத்தைப் பிணை, அபராதம், நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு, துனாஸ் பக்தி பள்ளி, ஹென்றி கர்னி பள்ளி ஆகிய சீர்திருத்தப் பள்ளிகள் என்று அது நீள்கிறது. பெற்றோரையும் பிணையில் கட்டுப்படுத்தலாம். எதை விதிப்பது என்று முடிவெடுக்குமுன், சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி தயாரிக்கும் அறிக்கையை நீதிமன்றம் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். அந்த அறிக்கையில் பையனின் வீடு, பள்ளி, பழக்கவழக்கம், சுற்றுப்புறம் எல்லாம் இடம்பெறும். அவனை மீண்டும் பள்ளியில் சேர்க்கவோ, தொழில் கற்கும் இடத்தில் சேர்க்கவோ ஊர் தயாராக இருக்கிறது என்பதும், மாலை நேரங்களில் அவனைப் பொறுப்பேற்கப் பெயர் சொல்லி இருவர் முன்வருகிறார்கள் என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தால், அவனைச் சமூகத்திலேயே வைத்துக் கண்காணிக்க நீதிபதிக்குக் காரணம் கிடைக்கும். வெறும் நற்சான்றிதழ் கடிதம் போதாது. எந்தப் பட்டறை, எந்த நாள், யார் அழைத்துப் போவார் என்று எழுதிக்கொண்டு, பையனின் பெற்றோரையும் உடன் அழைத்துக்கொண்டு, அறிக்கை முடிவதற்கு முன் இந்த வாரமே அந்த அதிகாரியைப் போய்ப் பாருங்கள், ஐயா.